மாப்பிள்ளை லெப்பை ஆலிம்: கீழக்கரையின் சட்டநூலாசிரியரும் ஞானகுருவும்

முன்னுரை

தென் பேராக்கில் பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் சுங்காய். ஒரு காலத்தில் அதனைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. அவ்வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் குறித்து உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அப்போது பழைய கல்லச்சு நூலொன்றின் பக்க ஒளிநகலை அவர்கள் முன் வைத்தோம். "இது ஜாவிதானே?" என்றார் ஒருவர். "அரபு" என்றார் இன்னொருவர். தமிழ் என்று எவரும் கூறவில்லை. அப்பக்கத்தில் இருந்ததோ நோன்பின் விதிகளைக் கூறும் தமிழ் உரைநடை. எழுத்து மட்டுமே அரபு.

இஃது அவ்வாசிரியர்தம் குறையன்று. தமிழ் இலக்கிய வரலாறு என்று நாம் கற்றதும் கற்பிப்பதும் தமிழ் எழுத்தில் உள்ளவற்றின் வரலாறே ஆகும். இஸ்லாமியத் தமிழ் என்றவுடன் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களும் நினைவுக்கு வருகின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதியோர் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. 2019ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளிலும் சீனப்பள்ளிகளிலும் நான்காம் ஆண்டு மலாய் மொழிப் பாடநூலில் ஜாவி எழுத்துக்கலை இடம்பெறுவது குறித்து நம் நாட்டில் பெருவாதம் எழுந்தது. அவ்வழக்கின் நியாயங்களுக்குள் இங்கு நாம் புகவில்லை. ஆனால் அவ்வாதத்தின் ஊடே, அரபு எழுத்தில் தமிழும் பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டது என்ற செய்தி நம் செவிக்கு எட்டவில்லை என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறோம்.

இக்கட்டுரை அவ்வெழுத்தில் எழுதிய ஒருவரைப் பற்றியது. அவர் கீழக்கரை செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898). மக்கள் அவரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றனர். அரபு வழக்கில் இமாமுல் அரூஸ் என வழங்கப்பெற்றார். ஷாபிஈ சட்டநெறியில் துறைபோகியவர். காதிரிய்யா என்னும் சூபி ஞானவழியின் குரு. இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே கூடியமையே இவரை வரலாற்று நோக்கில் ஆராயத் தூண்டுகிறது.

காயலும் கீழக்கரையும்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய இரு துறைகளும் முத்து, சங்கு, துணி வாணிகத்தால் வளர்ந்தவை. கீழக்கரைக்குப் பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி பெருமை சேர்த்தார். அவர் காலத்தவரான சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபு மொழிப் புலமையில் தென்னகமெங்கும் பெயர் பெற்றவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியதும் இதே சூழலில்தான். ஆகவே கடல் வாணிகம், அரபுக் கல்வி, தமிழ்ப் புலமை ஆகிய மூன்றும் ஒரே வீதியில் உலவிய ஊர்கள் இவை எனலாம்.

இக்கடற்கரை முஸ்லிம்கள் ஷாபிஈ சட்டநெறியினர். தமிழகத்தின் உள்நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஹனபி நெறியினர். இவ்வேறுபாடு வெறும் வழிபாட்டு நுணுக்கம் அன்று. அது கடலின் வரைபடமும் ஆகும். ஏமன், மலபார், தமிழகக் கடற்கரை, இலங்கை, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம் என ஷாபிஈ நெறி பரவிய இடங்களைக் கோடிட்டு இணைத்தால் பழைய கப்பல் வழி ஒன்று துலங்கும். பேராக்கில் கால்வைத்த கீழக்கரை வணிகர் மலாய்ப் பள்ளிவாசலில் தொழ நின்றபோது தம் ஊர் முறையையே அங்கும் கண்டிருப்பார்.

செய்யிது முகம்மது 1816ஆம் ஆண்டு காயல்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் வெள்ளை அகமது லெப்பை ஆலிம். பின்னர் அவர் கீழக்கரைக்கு வந்து தைக்கா சாகிபு எனப் போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் ஆலிமிடம் (1778–1850) கல்வி கற்றார். தைக்கா என்பது சூபியர் தங்கிப் பயிலும் இடம். ஆசிரியர் தம் மகள் சாரா உம்மாவை மாணாக்கருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை லெப்பை என்ற பெயர் இவ்வுறவால் வந்தது. அரூஸ் என்ற அரபுச் சொல்லும் மணமக்களையே குறிக்கும். சட்டநூலாசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஊராரால் 'மாப்பிள்ளை' என்றே அழைக்கப்பட்டது கீழக்கரைக்கே உரிய இனிமை. 1850இல் மாமனார் மறைந்தபின் அவ்வழியின் பொறுப்பு மருமகனிடம் வந்தது. காதிரிய்யா வழியின் இக்கிளை பிற்காலத்தில் இவர் பெயராலேயே அரூஸிய்யா எனப்பட்டது. கீழக்கரை மதரசாவும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

இவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் வழியினராலும் அடியார்களாலும் எழுதப்பட்டவை. அவற்றுள் அற்புத நிகழ்ச்சிகள் நிரம்பவுண்டு. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவியலாது. ஏளனம் செய்து ஒதுக்குதலும் முறையன்று. ஒரு சமுதாயம் தன் சட்ட அறிஞரை எவ்வாறு காண விரும்பிற்று என்பதற்கு அவையே சான்று. பெரியபுராணத்தை நாம் அவ்வாறுதானே பயன்படுத்துகிறோம்?

ஒரு குரு, இரு மாணாக்கர்

தைக்கா சாகிபுவிடம் பயின்றோருள் மற்றொருவரைத் தமிழுலகம் நன்கறியும். அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் கல்வி கற்று, துறவு பூண்டு, சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். அவர் பாடல்கள் சித்தர் மரபோடு வைத்து எண்ணப்படுகின்றன. திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். சமயம் கடந்த புகழ் அது.

ஒரே ஆசிரியரின் மாணாக்கர் இருவருள் ஒருவர் துறந்து பாடினார். மற்றவர் இல்லறத்தில் நின்று சட்டம் எழுதினார். பாடியவர் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றார், எழுதியவர் இடம்பெறவில்லை. கவிதைக்கும் உரைநடைக்கும் உள்ள மதிப்பு வேறுபாடு இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆனால் அதனினும் வலிய காரணம் எழுத்து என்றே நாம் கருதுகிறோம். குணங்குடியாரின் பாடல்கள் தமிழ் எழுத்தில் அச்சேறின. எனவே சரவணப்பெருமாளையர் போன்றோர் அவற்றைக் கையிலெடுக்க முடிந்தது. மாப்பிள்ளை லெப்பையின் நூல்களைத் தமிழ்ப் புலவர் ஒருவர் விரும்பினாலும் படித்திருக்க இயலாது.

பத்ஹுத் தய்யானும் மகானியும்

மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபிலும் அரபுத்தமிழிலும் எழுதினார். இலங்கையின் நினைவாக அமைந்த 'மின்ஹத்து சரந்தீப்' நபிகளைப் போற்றும் அரபுச் செய்யுள். 'கனீமத்துஸ் ஸாலிகீன்' ஞானவழி நடப்போர்க்குரியது. 'ஹதியா மாலை' போன்ற அரபுத்தமிழ்ச் செய்யுள் நூல்களும் இவர்க்கு உண்டு. எனினும் நம் ஆய்வுக்கு முதன்மையானவை உரைநடையில் அமைந்த இரு சட்டநூல்கள். ஒன்று 'பத்ஹுத் தய்யான்'. மற்றொன்று அதற்கு அவரே எழுதிய விரிவுரையான 'மகானி'. நம்பிக்கைக் கோட்பாடுகளோடு தூய்மை, தொழுகை, நோன்பு முதலான வழிபாட்டு விதிகளையும் வாழ்வியல் விதிகளையும் ஷாபிஈ நெறி நின்று தமிழ் பேசும் எளியோர்க்கு எடுத்துரைப்பன இவை. 'பத்ஹுத் தய்யான்' 1963ஆம் ஆண்டு கொழும்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் சைபுத்தீன் அனிப் டோரே. தமிழ் நூலொன்றைத் தமிழர் பலர் ஆங்கிலத்தின் வழியே படிக்க நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்நூல்களை அவற்றுக்குரிய வரிசையில் வைத்து நோக்குதல் வேண்டும். ஷாபிஈ நெறியின் பெருநூல்களுள் ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் சார்ந்து வாழ்ந்த இமாம் நவவியின் (மறைவு 1277) 'மின்ஹாஜுத் தாலிபீன்'. பதினாறாம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் 'பத்ஹுல் முயீன்' இயற்றினார். கேரளத்தில் எழுந்த அந்த அரபு நூல் மலாய் நாட்டுப் பொண்டோக் பள்ளிகள் வரை பாடநூலாகப் பரவியது. அடுத்து, அரபு அறியாதார்க்காகத் தாய்மொழியில் சட்டம் எழுதும் முயற்சி. மலாயில் இதனைத் தொடங்கியவராகக் கருதப்படுபவர் குஜராத்தின் ராந்தேரில் பிறந்து அச்சேவில் வாழ்ந்த நூருத்தீன் அர்ரானிரி. பதினேழாம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'சிராத்துல் முஸ்தகீம்' ஜாவி எழுத்தில் அமைந்த மலாய்ச் சட்டநூல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அர்ஷத் அல்பஞ்சாரி 'சபீலுல் முஹ்ததீன்' எழுதினார். இவ்வரிசையில் அடுத்து வைக்கவேண்டியவை பத்ஹுத் தய்யானும் மகானியும் என்பது நம் துணிபு. தமிழ் நூல்களாக மட்டும் நோக்கின் இவை தனித்து நிற்பன போலத் தோன்றும். கடல் கடந்து நோக்கின் பெருங்குடும்பம் ஒன்றின் உறுப்புகளாகத் தெரியும். ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ், மலாய், சாவகம் ஆகிய மூன்று மொழிகளிலும் 'ஆயிர மசலா' கதை பரவியதைக் கொண்டு அரபு சார்ந்த பெரும் மொழியுலகம் ஒன்றை விளக்கினார். அவர் இலக்கியத்தைக் கொண்டு காட்டியதைச் சட்டநூல்களைக் கொண்டும் காட்டவியலும்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். அரபுத்தமிழ்ச் சட்ட உரைநடையில் கலைச்சொல் அரபாகவும் வாக்கியம் தமிழாகவும் அமையும். கட்டாயக் கடமை 'பர்ளாகும்', விலக்கப்பட்டது 'ஹராமாகும்'. அதே வேளையில் தொழுகை, நோன்பு, பள்ளி, ஓதுதல் முதலான தூய தமிழ்ச் சொற்கள் எவ்விதத் தயக்கமுமின்றி அருகில் நிற்கும். வைணவ ஈட்டு உரைகளையும் சமணரின் ஸ்ரீபுராணத்தையும் பயின்றவர்க்கு இது புதிதன்று. மணிப்பிரவாளத்திற்கு இலக்கிய வரலாற்றில் ஓர் இயல் ஒதுக்கும் நாம், அரபு கலந்த மணிப்பிரவாளத்தைச் சமயக் குறிப்பேடு என்று விலக்குவதற்கு நியாயம் காணவியலவில்லை.

எழுத்து முறையும் கவனத்திற்குரியது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளாகிய டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றுக்கு இருக்கும் எழுத்துகளில் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்தனர். எகர ஒகர உயிர்களுக்கும் குறிகள் கண்டனர். ஜீம் என்னும் எழுத்தில் மூன்று புள்ளியிட்டுச் சகரத்தைக் குறிப்பது ஜாவிக்கும் அரபுத்தமிழுக்கும் பொது. ஜாவி பயின்ற நம் மாணவர் ஒருவர் சில நாள் முயன்றால் அரபுத்தமிழ்ப் பக்கத்தை எழுத்துக்கூட்டிவிடலாம். தமிழகத்து மாணவர்க்கு இல்லாத இவ்வசதி மலேசிய மாணவர்க்கு உண்டு.

நீதிமன்றச் சட்டமும் வீட்டுச் சட்டமும்

மாப்பிள்ளை லெப்பை வாழ்ந்த காலம் சட்டத்தின் உரிமை கைமாறிய காலம். இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமையும் மணமும் பற்றிய விதிகள் 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் தொகுக்கப்பட்டன. 1852இன் சட்டத்தால் தீவு முழுதுக்கும் விரிந்தன. இந்தியாவில் 1864ஆம் ஆண்டின் சட்டம் அரசு காஜிகளின் பதவியை ஒழித்தது. மணங்களை நடத்திப் பதிவுசெய்ய அதிகாரமுடையோர் இன்றி இடர்ப்பாடு தோன்றவே 1880இல் காஜிகள் சட்டம் வந்தது; அது முதலில் சென்னை மாகாணத்திற்கே உரியதாயிருந்தது. அச்சட்டப்படி காஜியை நியமிக்கலாம். ஆனால் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லை. அதே 1880இல் தொடுவாய்க் குடியேற்றங்களிலும் முகம்மதியர் மணச்சட்டம் இயற்றப்பட்டது.

நீதிபதிகளுக்கு இஸ்லாமியச் சட்டம் தேவைப்பட்டது. 1791இல் வெளிவந்த ஹெதாயாவின் ஆங்கில ஆக்கம் ஹனபி நெறியைச் சார்ந்தது. ஷாபிஈ நெறிக்கு நவவியின் மின்ஹாஜை வான் டென் பெர்க் என்னும் டச்சு அறிஞர் 1882 முதல் பத்தாவியாவில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்டு 1914இல் ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தார். அரபிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கும் சென்ற சட்டத்தைக் கொண்டு கீழைக்கடல் நாடுகளில் வழக்குகள் நோக்கப்பட்டன.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதே மகானியின் பொருள் நமக்கு விளங்குகிறது. காஜியிடமிருந்து நீதி அதிகாரம் நீங்கிய அதே தலைமுறையில், நீதிமன்றத்தை நோக்காமல் வீட்டை நோக்கி ஒருவர் சட்டம் எழுதினார். குளித்தல், உண்ணல், கடன், நோன்பு என அன்றாட வாழ்வின் ஒவ்வொரு செயலுக்கும் தானே விதியறிந்து நடக்கக்கூடிய வாசகர் அவருக்குத் தேவைப்பட்டனர். அவர் அதனைத் திட்டமிட்ட எதிர்ப்பாகச் செய்தார் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் விளைவு அதுவே. அரசு எடுத்துக்கொண்டதற்கு அப்பால் எஞ்சியிருந்த பெரும்பரப்பை அந்நூல்கள் ஆண்டன.

வாசகருள் பெண்கள் கணிசமானோர். கீழக்கரையிலும் காயலிலும் இலங்கைக் கடலோர ஊர்களிலும் ஓதக் கற்ற சிறுமி அரபு எழுத்தை அறிந்திருந்தாள். தமிழ் எழுத்தை அறியாதிருந்தாள். திருமறையை ஓதும் அதே எழுத்தில் தாய்மொழி எழுதப்பட்டபோது அவளுக்குப் புதிதாக ஒன்றும் கற்கவேண்டியிராதாயிற்று. அக்காலத் தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் தமிழ் எழுத்து அறிந்தோரை மட்டும் எண்ணினால், படிக்கத் தெரிந்த பெண்கள் பலரைப் படிப்பறியாதோர் பட்டியலில் சேர்த்துவிடுவர்.

இலங்கை

போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இலங்கை முஸ்லிம்கள் பெரும் இன்னலுற்றனர். 1626இல் வெளியேற்றப்பட்டோர்க்குக் கண்டி மன்னன் செனரத் கிழக்குக் கரையில் இடமளித்தான். சமயக் கல்விக்கு அவர்கள் நெடுங்காலம் எதிர்க்கரையையே நாடினர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பலமுறை அங்குச் சென்று பள்ளிவாசல்களையும் தைக்காக்களையும் நிறுவத் துணைநின்றார். அவர் தொகுத்த 'ராத்திபுல் ஜலாலிய்யா' கூடியமர்ந்து ஓதப்படும் இறைநினைவுத் தொகுப்பு. சட்டநூல் வீட்டுக்குள் சென்றது. ராத்திபு மக்களைப் பள்ளியில் ஒன்றுகூட்டியது.

அதே இலங்கையில் அதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை (1838–1898) ஆங்கிலச் சட்டம் பயின்ற வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார், பள்ளிகள் நிறுவினார், இறுதிக் காலத்தில் 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் ஞானநூலும் எழுதினார். சட்டமும் ஞானமும் இவரிடமும் கூடின. ஆனால் இவர் தம் சமுதாயத்தைப் பள்ளிக்கூடத்திற்கும் செய்தித்தாளுக்கும் அழைத்தார். இருவரும் ஒரே ஆண்டில், 1898இல் மறைந்தனர். இலக்கிய வரலாறு சித்திலெப்பையைப் போற்றுவது தகும். அதனால் மற்றவர் 'பழைமைவாதி' என ஒரு சொல்லில் முடிக்கப்படுவது தகாது.

லூபாவிச்சிலிருந்து ஓர் ஒப்பீடு

ஞானகுருவே சட்ட வல்லுநராகவும் விளங்குவது இஸ்லாத்திற்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே ஹசிதியம் என்னும் பக்தி இயக்கம் தோன்றியது. இதன் மூலவர் 1760இல் மறைந்த பால் ஷெம் தோவ். சட்டக் கல்வியைவிட உள்ளத்து உருக்கத்தையே இவ்வியக்கம் உயர்த்துகிறது என வில்னா நகரப் பேரறிஞர் எலியாவைச் சார்ந்தோர் குற்றம் சாட்டினர். 1772இல் விலக்காணையும் பிறப்பித்தனர். இக்குற்றச்சாட்டுக்கு வாழ்வாலேயே விடையிறுத்தவர் லியாதியின் ஷ்னேயர் சல்மான் (1745–1812). 1796இல் அச்சான 'தன்யா' என்னும் ஞானநூலை எழுதிய அதே கை யூதச் சட்டத் தொகுப்பு ஒன்றையும் எழுதியது. அதன் பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பின் அச்சேறியது. 1798இல் ரஷ்ய அரசு அவரைச் சிறையிலிட்டு அவ்வாண்டிலேயே விடுவித்தது.

அவர்தம் மகள் வயிற்றுப் பேரர் மெனகெம் மெண்டல் (1789–1866) நமக்கு இன்னும் நெருக்கமானவர். இளமையிலேயே தாயை இழந்து பாட்டனாரிடம் வளர்ந்தார். தாய்மாமனும் இரண்டாம் குருவுமான தோவ்பேரின் மகளை மணந்தார். 1831 முதல் லூபாவிச் வழியின் மூன்றாம் குருவாக விளங்கினார். அவரும் ஒரு மாப்பிள்ளையே. சட்ட வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளின் தொகுப்பு 'செமாக் செடெக்' எனப்படும்; நூலின் பெயரே ஆசிரியர் பெயராயிற்று. கீழக்கரைக்கும் லூபாவிச்சுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும் ஒப்பீடு ஒன்றை நமக்கு உணர்த்துகிறது. பக்தி இயக்கமொன்று நிலைபெறவேண்டுமாயின் தான் சட்டத்திற்குப் புறம்பானதன்று என மெய்ப்பிக்கவேண்டியுள்ளது. அதற்கு இரண்டிலும் வல்ல ஒருவர் வேண்டும். அவர் குருவின் குடும்பத்திற்குள்ளேயே கொணரப்படுவது வியப்பன்று.

வேறுபாடும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதரின் பேச்சுமொழியாகிய இத்திஷ் எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டிலேயே பெண்களுக்குரிய இத்திஷ் மறைவிளக்க நூல் பரவலாயிருந்தது. இவ்வளவில் அது அரபுத்தமிழை ஒத்தது. ஆனால் மேற்கூறிய இரு குருமாரும் சட்டத்தை எபிரேயத்திலேயே எழுதினர். மாப்பிள்ளை லெப்பை சட்டத்தையே தாய்மொழிக்குக் கொணர்ந்தார். இவ்வகையில் அவர் துணிவு மிக்கது என்பது நம் கருத்து. இன்னொரு வேறுபாடு வருத்தத்திற்குரியது. இத்திஷ் மொழிக்குப் பல்கலைக்கழக இருக்கைகளும் அகராதிகளும் நூலகங்களும் உள்ளன. அரபுத்தமிழுக்கு அவ்வாறு கூறவியலாது.

எழுத்தின் கதி

இருபதாம் நூற்றாண்டில் அரபுத்தமிழ் விரைந்து தளர்ந்தது. தமிழ் எழுத்தில் அச்சு மலிந்தது. பெண்களும் அரசுப் பள்ளிக்குச் சென்றனர். தாவூத் ஷா (1885–1969) தம் 'தாருல் இஸ்லாம்' இதழின் வழி முஸ்லிம்கள் நல்ல தமிழில் எழுதவேண்டும் என வற்புறுத்தினார். அது பயன்மிக்க இயக்கமே. அதனால்தான் இஸ்லாமியத் தமிழ் பொதுத் தமிழோடு கலந்தது. எனினும் பழைய நூல்களை எழுத்துமாற்றிப் பதிப்பிக்கும் பணி அதே வேகத்தில் நடக்கவில்லை. சீர்திருத்த நோக்கினர் சிலர் ராத்திபையும் தர்கா வழிபாட்டையும் ஏற்காமையால் அவற்றோடு தொடர்புடைய ஆசிரியர்தம் சட்டநூல்களும் ஒருங்கே ஒதுக்கப்பட்டன. தர்கா பற்றிய கருத்து எதுவாயினும் நூல் நூலே.

நாகூர் தர்காவின் நினைவிடங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எழுந்தன. பேராக்கின் ஈப்போவில் தமிழ் முஸ்லிம் வணிகர் ஷெய்கு ஆதம் 1908இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் திடலருகே நிற்கிறது. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' நடத்திய மகுதூம் சாகிபுவும், 1883இல் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' நடத்திய குலாம் காதிறு நாவலரும் தமிழ் எழுத்தில் எழுதியமையால் நம் இதழியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். அதே வணிகர்தம் வீட்டுப் பேழைகளில் கிடந்த கல்லச்சு நூல்களைத் தேடும் பணி இன்னும் செய்யப்படவேண்டியதாகவே உள்ளது. ம. மு. உவைஸ் 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலும், பின்னர் அவர் அஜ்மல்கானுடன் இணைந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பல தொகுதிகளாக எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறும், கீழக்கரை மரபில் வந்த தைக்கா சுஐபு ஆலிமின் 1993ஆம் ஆண்டு நூலும் இத்துறைக்கு அடிப்படை. இவற்றுள் மூன்றாவது, குடும்பத்தார் எழுதியது என்பதை மனத்திற்கொண்டு பயன்படுத்தல் வேண்டும். ஆயினும் அது திரட்டித் தரும் செய்திகளுக்கு ஈடாக வேறொன்றில்லை.

மீண்டும் சுங்காய் உரையாடலுக்கு வருவோம். ஜாவி பயின்றிருந்த ஆசிரியர் ஒருவர் அந்த ஒளிநகலை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி அமர்ந்தார். பிறர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். நூன், வாவ், நூன் என்று கூட்டிப் பார்த்து, பகரத்திற்குரிய எழுத்தில் தயங்கி, "நோன்பு" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். அடுத்த வரியில் 'தொழுகை' இருந்தது. ழகரத்திற்குரிய எழுத்து ஜாவியில் இல்லாமையால் அவ்விடத்தில் விரலை வைத்தபடி நம்மை நோக்கினார்.